அது எங்கே இருக்கு?

உங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் தாண்டிவிட்டதா? அப்படியென்றால் இந்த வாரம் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. செலவில்லாத வேலைதான். இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் (அல்லது வீட்டுக்காரம்மாவும்) பேசிக்கொள்வதை அப்படியே ஒரு தாளில் எழுதுங்கள. எழுதி முடித்ததும் அதில் எத்தனை பெயர்ச்சொல் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஐந்துக்கு மேல் தேறினால், ஒன்று நீங்கள் புதுசாகக் கல்யாணமானவராக இருக்க வேண்டும். அல்லது வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்க வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் நடந்த பேச்சு இது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

‘‘என்னங்க, அதை எடுத்து அதுல ஊத்தி வெச்சிட்டீங்களா?’’

‘‘அப்பவே வெச்சாச்சு.’’

‘‘மூடினீங்களா?’’

‘‘அது இருந்தாத்தானே மூடறதுக்கு? எங்க அது?’’

‘‘அங்கதான்.’’

‘‘இல்லியே...’’

‘‘அதுக்குப் பின்னாடி பாருங்க.’’

‘‘ஆங்... இருக்கு, இருக்கு.’’

எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கீழே உளவுத்துறை ஆள் யாராவது நின்று ஒட்டுக்கேட்டிருந்தால் எங்கள் ரெண்டு பேரையும் அன்றைக்கே அள்ளிக்கொண்டு போயிருப்பார். விஷயம் வேறொன்றுமில்லை. இட்லி மாவில் பாதியைச் சின்ன தூக்கில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். தூக்கின் மூடி, மிக்ஸிக்குப் பின்னால் கிடந்தது. அவ்வளவுதான்.

கல்யாணமான புதுசில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. ‘சமையலறையில இடது பக்கம், மேல் தட்டுல பச்சை மூடி போட்ட டப்பா இருக்கு பாருங்க, அதைக் கொஞ்சம் எடுத்துத் தர முடியுமா?’ என்று எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக வரும். மூணாவது வருஷம் அது ‘அந்த டப்பா’ ஆகிறது. ஏழாவது வருஷம் வெறும் ‘அது’. பன்னிரண்டு, பதிமூணு வருஷமானால் ‘அது’வும் கழன்றுவிடும். தாடையை ஒரு பக்கமாக லேசாக அசைத்தால் போதும், டப்பா கைக்கு வந்துவிடும். எங்களுக்குப் பத்தொன்பது வருஷம் முடிந்துவிட்டது. சில நாட்களில் தாடைகூட அசைவதில்லை.

இதில் இன்னொரு சிக்கல். எங்கள் சமையலறையில் எந்த டப்பாவிலும், மேலே எழுதியிருப்பது உள்ளே இருக்காது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் உளுத்தம்பருப்பு. பூஸ்ட் பாட்டிலில் வற்றல் மிளகாய். பிஸ்கட் டின்னில் ஊசி, நூல், பொத்தான், எந்தச் சட்டையில் இருந்து கழன்றது என்றே தெரியாத கொக்கிகள். ஐஸ்க்ரீம் டப்பாவில் கறிவேப்பிலை. குழந்தைகள் சின்ன வயதில் அந்த டப்பாவைத் திறந்து எத்தனை முறை ஏமாந்திருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது. நான் பி.காம். படித்தவன். ‘உண்மையான, நியாயமான நிலவரம்’ என்று ஆடிட்டர் சான்றிதழ் தருவார் இல்லையா? எங்கள் சமையலறைக்கு இந்தியாவில் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

ஆனாலும் நிர்வாகம் ஒரு நாள்கூட நின்றதில்லை. காரணம், சரியான ஸ்டாக் ரெஜிஸ்டர் ஒன்று இருக்கிறது. அது என் மனைவியின் தலைக்குள் இருக்கிறது.

மேலே இருக்கிற பேச்சை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். ‘எங்க?’ என்று கேட்பது யார்? ‘அங்க’ என்று சொல்வது யார்? பத்தொன்பது வருஷமாக இந்த நாடகத்தில் வேஷம் மாறவே இல்லை. நகவெட்டி எங்கே, சொத்து வரி ரசீது எங்கே, பையனின் டி.சி. ஜெராக்ஸ் எங்கே, நாலு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய ஃபேனின் வாரண்டி கார்டு எங்கே என்று எதைக் கேட்டாலும் பதில் வரும். குளித்துக்கொண்டிருக்கும்போது கேட்டாலும் வரும். தூக்கத்தில் கேட்டாலும் வரும். ‘பீரோல ரெண்டாவது தட்டு, பட்டுப்புடவைக்குக் கீழ, மஞ்சள் கவர்’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். வீட்டின் மேப் முழுசும் ஒரே ஒரு தலையில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தலைக்குச் சொந்தக்காரி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அங்கே ஒன்பதாம் வகுப்புக்கு ஆறு பீரியட் எடுத்துவிட்டு வந்துதான் இங்கே மூடி எங்கே என்று எனக்குச் சொல்கிறாள்.

‘நாங்க பேசிக்கவே வேண்டாம் சார், கண்ணாலயே புரிஞ்சுக்குவோம்’ என்று ஆண்கள் பெருமையாகச் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நானே சொல்லியிருக்கிறேன். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புரிதலில் யார் எவ்வளவு பங்கு போட்டிருக்கிறார்கள் என்று கணக்குப் பார்த்தால் பார்ட்னர்ஷிப் பத்திரத்தையே திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

கணக்கு என்றதும் கல்லூரியில் பொருளாதார வகுப்பில் கேட்ட ஒரு விஷயம் ஞாபகம் வருகிறது. இங்கிலாந்தில் பிகு என்று ஒரு பெரிய பொருளாதார மேதை. 1920-ல் வந்த தன் புத்தகத்தில் ஒரு வேடிக்கையான சிக்கலைச் சொல்லியிருக்கிறார். ஒருவர் தன் வீட்டில் சம்பளத்துக்குச் சமைக்கிற பெண்மணியைக் கல்யாணம் செய்துகொள்கிறார் என்று வையுங்கள். நேற்றுவரை அந்தச் சம்பளம் தேச வருமானத்தில் சேர்ந்தது. இன்று முதல் சம்பளம் கிடையாது. அதே அடுப்பு, அதே சூப், அதே அம்மணி. ஆனால் நாட்டின் வருமானம் குறைந்துவிட்டது! கணக்குப் போடுகிற முறையில் இருக்கிற ஓட்டையைத்தான் பிகு சுட்டிக் காட்டினார். வகுப்பில் நாங்கள் கொல்லென்று சிரித்தோம். பிற்பாடுதான் தெரிந்தது, பிகு கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தன்னால் முடிந்தவரை தேச வருமானத்தைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த ஓட்டை இன்றுவரை அடைபடவில்லை. ஆனால் ஒட்டுப்போடும் வேலை அங்கங்கே நடக்கிறது. 2023 ஜூன் மாதம் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய பணம், மனைவி இங்கே வீட்டைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகளை வளர்த்தார். அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சரிபாதி உரிமை உண்டு என்றது கோர்ட். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண் மேனேஜர், சமையல்காரர், வீட்டு டாக்டர், நிதி நிபுணர் என்று பல வேலைகளை லீவே இல்லாமல் செய்கிறார் என்று தீர்ப்பிலேயே பட்டியல் போட்டிருந்தார்கள். பேப்பரில் வந்த அந்தப் பட்டியலை வீட்டில் சத்தமாகப் படித்தேன்.

‘‘எலெக்ட்ரீஷியனை விட்டுட்டாங்க’’ என்றாள் என் மனைவி. எங்கள் வீட்டில் ஃப்யூஸ் போடுவது அவள்தான்.

அதே வருஷம் செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தபோது அதற்கு வைத்த பெயரில் ‘உரிமைத்தொகை’ என்ற சொல் இருந்தது. உதவித்தொகை என்று வைக்கவில்லை. பத்திரிகைக்காரனுக்கு இந்த மாதிரி ஒரு சொல் மாறினால் காது தானாக நிமிரும்.

இதோடு புள்ளிவிவரமும் சேர்ந்துகொள்கிறது. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2024-ல் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நாடு முழுக்க நடத்தியது. ஒரு நாளில் யார் எதற்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்கிற கணக்கு. சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடுகிற பெண்கள் அதற்காகச் செலவிடுவது ஒரு நாளைக்கு 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். இதற்கு முன் 2019-ல் எடுத்த ஆய்வில் இது 299 நிமிடமும் 97 நிமிடமுமாக இருந்தது. ஆக, ஐந்து வருஷத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. சரி, அந்தப் பத்து நிமிடத்தை ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது என்று பார்த்தால், அவர்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது! மொத்தத்தில் இந்தியாவில் ரெண்டு பேரும் சேர்ந்து எதையோ செய்யாமல் விட்டிருக்கிறோம். எங்கள் வீட்டு அனுபவத்தை வைத்துச் சொன்னால், அது பரண் சுத்தம் செய்வதாகத்தான் இருக்கும்.

இந்தக் கணக்கையும் என் மனைவியிடம் காட்டினேன். கணக்கு டீச்சர் ஆச்சே, 289-ஐ 88-ஆல் மனசுக்குள்ளேயே வகுத்துவிட்டு, ‘‘மூணேகால் மடங்கு’’ என்றாள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்.

‘‘இந்த எண்பத்தெட்டு நிமிஷத்துல, பர்ஸைத் தேடற நேரமும் சேருமா?’’

ஆய்வு செய்கிறவர்கள் வேலையை எண்ணிவிட்டார்கள். ஞாபகம் வைத்திருப்பதை எப்படி எண்ணுவார்கள்? மாவு நாளைக்குத் தீரும், மாமனாருக்குப் பிரஷர் மாத்திரை வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் இருக்கு, பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எவ்வளவு (அவர்கள் நமக்கு எவ்வளவு வைத்தார்கள் என்பதையும் சேர்த்து), பாலுக்குக் கூடுதல் பாக்கெட் சொல்லணும்... இதெல்லாம் எந்த நிமிஷத்தில் நடக்கிறது? பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும்போது நடக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு இயற்கணிதம் நடத்தும்போதே ஒரு ஓரத்தில் நடக்கிறது.

இதற்கெல்லாம் ஒரு தேங்க்ஸ் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறீர்களா? சொல்லிப் பாருங்கள்.

நான் சொன்னேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அயர்ன் பண்ணி மடித்த சட்டையை அவள் நீட்டியபோது, ‘‘தேங்க்ஸ்’’ என்றேன். அவள் அப்படியே நின்றாள். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு எதிரில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, ‘‘யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டுட்டீங்களா?’’ என்று கேட்டாள். அன்று முழுக்க அந்தத் தேங்க்ஸ் வீட்டில் சந்தேகக் கேஸாகவே உலாவியது. ராத்திரி விளக்கை அணைத்த பிறகுகூட, ‘‘எவ்வளவுன்னாவது சொல்லுங்க, நகை இருக்கு, பார்த்துக்கலாம்’’ என்றாள்.

நம் வீடுகளில் நன்றி அப்படிப்பட்ட சொல். ஆட்டோக்காரருக்குச் சொல்வோம், லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டவருக்குச் சொல்வோம், கூரியர் பையனுக்குச் சொல்வோம். மேடையில் மைக் செட் போட்டவர் பெயரை மறக்காமல் சொல்லி நன்றி தெரிவிப்போம். வீட்டுக்குள் மட்டும் அந்தச் சொல் செருப்போடு வெளியிலேயே நிற்கிறது. வள்ளுவரைப் பாருங்கள். ஆறாவது அதிகாரம் ‘வாழ்க்கைத் துணைநலம்’. நன்றிக்கான அதிகாரம் பதினொன்றாவது. நடுவில் பிள்ளைப்பேறு, அன்பு, விருந்தோம்பல், இனிய சொல் என்று நாலு அதிகாரம் நிற்கிறது. கல்யாணத்தில் கிளம்பியவன் குழந்தை வளர்த்து, அன்பு பழகி, விருந்தாளிகளுக்குப் போட்டு, நல்லவிதமாகப் பேசக் கற்று, அதற்கப்புறம்தான் நன்றிக்கு வந்து சேரவேண்டும் போலிருக்கிறது. சாதாரண ஆசாமிக்கு அதற்கே இருபது வருஷம் ஆகிவிடும்.

வேறு ஏதோ ஒரு ரூபத்தில் அது உள்ளே வந்துகொண்டுதான் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ரசத்தைக் கலக்காமல் மேலாகத் தெளிவை மொண்டு ஒருவர் தட்டில் ஊற்றிவிட்டு, அடியில் இருக்கிற மண்டியைத் தனக்குப் போட்டுக்கொள்வது. கடைசி அப்பளத்தை ‘எனக்கு வேண்டாம், வயிறு ஒரு மாதிரி இருக்கு’ என்று தள்ளுவது. ஆபீஸிலிருந்து கிளம்பும்போது போன் பண்ணி, ‘ஏதாவது வாங்கிட்டு வரணுமா?’ என்று கேட்பது. வேண்டாம் என்று பதில் வரும் என்று தெரிந்தேதான் கேட்பது. அதிகாலைக் காபி எங்கள் வீட்டில் என் டிபார்ட்மென்ட். டிகாக்‌ஷன் முதல் இறக்கு அவளுக்கு, ரெண்டாவது எனக்கு. இது எந்தப் பேச்சுவார்த்தையிலும் முடிவானதல்ல. எப்போது ஆரம்பித்தது என்று எனக்கே தெரியாது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பையன். கல்யாணமாகி ஒண்ணரை வருஷம். கணவன், மனைவி ரெண்டு பேரும் வேலைகளை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். திங்கள் பாத்திரம் அவன், செவ்வாய் அவள். ஒருவருக்கொருவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தால்கூட தேங்க்ஸ் சொல்லிக்கொள்கிறார்கள். என் அம்மா அந்த வீட்டில் ஒரு நாள் தங்கினால், ‘என்னடா இது, ஓட்டல் மாதிரி’ என்று கிளம்பிவிடுவாள். எனக்கென்னவோ அந்தத் தாள் பிடித்திருக்கிறது. மூடி எங்கே இருக்கிறது என்று அந்த வீட்டில் ரெண்டு பேருக்கும் தெரியும். ‘சொல்லாமலே புரிஞ்சுக்கணும்’ என்பது கேட்க இனிமையாக இருக்கிறது; பெரும்பாலும் சொல்லாமல் விடுவது ஒரு ஆளாகவும், புரிந்துகொள்வது இன்னொரு ஆளாகவும் அமைந்துவிடுகிறது என்பதுதான் தகராறு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த மேப் ஒரு முறை கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

2021 மே மாதம். கொரோனாவின் ரெண்டாவது அலை. சென்னையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்காத மணி நேரமே கிடையாது. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், யாரும் மறந்திருக்க முடியாது. என் மனைவிக்குப் பாசிட்டிவ். எங்களுக்கு நெகட்டிவ். டாக்டர், வீட்டுத் தனிமையே போதும், ஆக்ஸிஜன் 94-க்குக் கீழே போனால் மட்டும் உடனே ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி என்றால் எந்த ஆஸ்பத்திரி, படுக்கை எங்கே இருக்கிறது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவள் பெட்ரூமுக்குள். நானும் பிள்ளைகளும் ஹாலில். நடுவில் ஒரு கதவு. பத்தடி தூரத்தில் இருக்கிற மனைவியோடு போனில் பேசிக் குடும்பம் நடத்தினேன்.

‘‘பருப்பு எதுல இருக்கு?’’

‘‘ஹார்லிக்ஸ்ல.’’

‘‘அதுல உளுந்துல்ல இருக்கு?’’

‘‘அது பெரிய ஹார்லிக்ஸ். சின்ன ஹார்லிக்ஸ்ல துவரம்பருப்பு.’’

இருமலுக்கு நடுவே அவள் வழிநடத்த, நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ரசம் வைத்தேன். விமானி மயங்கிவிட்டால் கன்ட்ரோல் ரூமிலிருந்து சொல்லிச் சொல்லிப் பயணியை வைத்து விமானத்தை இறக்குவார்களே, சினிமாவில், அந்த மாதிரி. ‘‘நுரைச்சு வருதா? பொங்க விடாதீங்க, அணைங்க அணைங்க!’’ என்று கதவுக்குள்ளிருந்து நேராகவும் போனிலுமாக ரெண்டு பக்கமும் குரல் வரும். கபசுரக் குடிநீரைக் காய்ச்சி வாசலில் வைத்துவிட்டு நான் ஹாலுக்கு ஓடுவேன். கதவு திறக்கும். கை மட்டும் வரும். டம்ளர் உள்ளே போகும்.

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டுக் கணக்கு எழுத ஆரம்பித்தேன். தேதி, நேரம், காய்ச்சல், ஆக்ஸிஜன், சாப்பிட்டது. மூணு மணி நேரத்துக்கு ஒரு பதிவு. 97, 96, 97, 96, 95. வாழ்க்கையில் எத்தனையோ பேலன்ஸ் ஷீட் பார்த்திருக்கிறேன், ஒரு நம்பர் குறைந்ததற்கு வயிற்றைப் பிசைந்தது அப்போதுதான். வாசனை, ருசி ரெண்டும் அவளுக்கு மூணாவது நாளே போய்விட்டன. நான் வைத்த ரசத்துக்கு அது ஒரு விதத்தில் நல்லதுதான் என்று மகள் சொன்னாள்.

எட்டாவது நாள் சாயங்காலம் போன் வந்தது. ‘‘தொண்ணூத்து மூணு காட்டுதுங்க’’ என்றாள்.

நோட்டில் எழுத பேனாவை எடுத்தேன், எழுதவில்லை. கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன். கைவிரல் சில்லென்று இருந்தால் அந்த மெஷின் குறைத்துக் காட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ‘‘ரெண்டு கையையும் நல்லா தேய்ச்சுட்டு, அஞ்சு நிமிஷம் கழிச்சு வேற விரல்ல வெச்சுப் பாரு’’ என்றேன். ‘‘சரி’’ என்றாள். போனை அவளும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. அவள் கையைத் தேய்க்கிற சத்தம் போனில் கேட்டது. மூச்சு கேட்டது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பேச எதுவும் இல்லை. என்ன பேசுவது? ‘அது’ என்றுகூட ஆரம்பிக்க முடியவில்லை.

மூணு நிமிஷம் ஆகியிருக்கும்.

‘‘என்னங்க...’’

‘‘என்ன? என்ன ஆச்சு?’’

‘‘அடுப்புல ஏதாவது வெச்சிருக்கா? பால் தீயற வாசனை வருது.’’

பையன் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மொபைலோடு மொட்டை மாடிக்குப் போயிருந்தான். நான் எழுந்து ஓடினேன். பாதி தூரம் போனதும்தான் உறைத்தது. வாசனை வருதுன்னு சொன்னாளே! மூடிய கதவைத் தாண்டி, அஞ்சு நாளாகக் காணாமல் போயிருந்த மூக்கு, எனக்கு முன்னால் தீய்ந்த பாலைக் கண்டுபிடித்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்று சிரித்தேன். பையன் இறங்கி வந்து, திட்டு விழப்போகிறது என்று தயாராக நின்றவன், அப்பா சிரிப்பதைப் பார்த்து இன்னும் பயந்துவிட்டான்.

மறுபடி வைத்துப் பார்த்ததில் 95. எழுதினேன். மறுநாள் காலை 96.

அந்த நோட்டில் மீதியிருந்த பக்கங்களில் பிற்பாடு பால் கணக்கு எழுதினோம். பேப்பர் என்றால் எங்கள் வீட்டில் வீணாகப் போகாது. பாத்திரத்தின் அடியில் அந்தக் கறுப்பு வட்டம் எத்தனை தேய்த்தும் போகவில்லை. புளி, எலுமிச்சை, சோடா உப்பு எல்லாம் போட்டாயிற்று. பழைய சாமான் எடுக்கிறவர் வந்தபோது அவள் போடுவதற்காக அதைக் கையில் எடுத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் என்னைப் பார்த்துவிட்டு மறுபடி அலமாரியில் கவிழ்த்துவிட்டாள். இப்போது அதில் வெந்நீர் வைக்கிறோம்.

எங்கள் எதிர் ஃப்ளாட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. ரெண்டு வருஷத்துக்கு முன் அவர் மனைவி தவறிவிட்டார். பிள்ளைகள் வெளியூரில். பேப்பர் படித்துவிட்டு மாற்றிக்கொள்வது எங்கள் பழக்கம், அந்தச் சாக்கில் கொஞ்சம் பேசுவார்.

‘‘எனக்கு என்ன கஷ்டம் தெரியுமா தம்பி?’’ என்றார் ஒரு நாள். ‘‘வேலைக்கு வர்ற பொண்ணுகிட்ட ‘அதை எடும்மா’ன்னு சொல்றேன். ‘எதை ஐயா?’ங்குது. அது கேக்கறது நியாயம்தானே? நாப்பத்தாறு வருஷம் கழிச்சு ஒவ்வொரு சாமானுக்கும் பேர் சொல்ல வேண்டியிருக்கு. பாதிப் பேர் எனக்கு வரமாட்டேங்குது. எண்ணெய்ல பொரிச்சு எடுப்பாங்களே, ஓட்டை ஓட்டையா இருக்கும்...’’

‘‘ஜல்லிக்கரண்டி’’ என்றேன். ரசம் வைத்த அனுபவம் இருக்கிறதல்லவா!

‘‘அதான். அந்தப் பொண்ணுதான் சொல்லிக் குடுத்துச்சு. இந்த வயசுல ஒண்ணாங்கிளாஸ் மாதிரி பேர் படிச்சுக்கிட்டிருக்கேன்.’’

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். பேப்பரை மடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் என் மனைவியிடம் சாவி எங்கே என்று கேட்கவில்லை, நானே பத்து நிமிஷம் தேடினேன். ‘‘என்ன தேடறீங்க?’’ என்றாள். ‘‘ஒண்ணுமில்ல’’ என்றேன். ‘‘சட்டைப் பையிலதான் இருக்கு’’ என்றாள்.

எங்கள் வீட்டில் குழம்போ கூட்டோ கொஞ்சம் விசேஷமாக வந்தால் ஒரு கிண்ணம் எதிர் வீட்டுக்குப் போகும். பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரக்கூடாது என்பது அவர் மனைவி காலத்துச் சட்டம், அதை அவர் இன்னமும் விடவில்லை. ரெண்டு வாழைப்பழமோ ஒரு பிடி சர்க்கரையோ போட்டுத்தான் கொண்டுவருவார்.

‘‘எதுக்கு அங்கிள் இதெல்லாம்’’ என்று இவள் வாங்கிக்கொள்வாள்.

போன ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். கிண்ணத்தில் நாலு பேரீச்சம்பழம். கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘‘அன்னிக்குக் குடுத்தியேம்மா... அது நல்லா இருந்துச்சு’’ என்றார்.

‘‘அதுவா? மறுபடி பண்ணும்போது கொண்டாந்து தரேன் அங்கிள்’’ என்றாள் இவள், ஒரு விநாடிகூட யோசிக்காமல். அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

கதவை மூடியதும் கேட்டேன், ‘‘எது?’’

‘‘அதுதாங்க’’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அடுத்த முறை பண்ணும்போது பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.